உறைபனியில் காயும் உருளைக்கிழங்கு... பொலிவியா தரும் பாடம்!

'கினோவாவுக்கு டவுன் கடைகளில் நல்ல விலையாமே... என்னுடைய மூணு ஏக்கர் மானாவாரி நிலத்தையும் அதுக்கே மாத்திடலாமா?' என்று வாசகர் ஒருவர் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதியிருந்தார். கடிதம் கைக்கு வந்தபோது, கினோவாவின் தாயகங்களில் ஒன்றான பொலிவியாவுக்கு நான் பை கட்டிக்கொண்டிருந்தேன். ஸ்பானிஷ் மொழி ஓரளவு தெரிந்த என் மகள், "ஆளுக்கு ஒரு முதுகுப்பை போதும்ப்பா, பஸ்ஸிலேயே சுத்திப் பார்த்துடலாம்" என்று கூட்டிப்போனாள். பதிலை நேரில் பார்த்தே எழுதலாம் என்று அந்தக் கடிதத்தையும் பையில் வைத்துக்கொண்டேன்.

மூச்சு வாங்கும் மேட்டு நிலம்

பெரு நாட்டின் புனோ நகரிலிருந்து பஸ் ஏறி, டிட்டிகாகா ஏரிக்கரையில் உள்ள கோபகபானா ஊர் வழியாகப் பொலிவியாவுக்குள் நுழைந்தோம். ஏரியே கடல் மட்டத்திலிருந்து 3,812 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர்தான். முதல் நாள் இரவு தலைவலி. பத்து படி ஏறினாலே மூச்சு இரைத்தது. இரண்டு நாள் ஓய்வு, நிறைய தண்ணீர், அரை வயிற்றுச் சாப்பாடு என்று இருந்த பிறகே உடம்பு பழகியது. அங்குள்ளவர்கள் கோகா இலைத் தேநீர் கொடுப்பார்கள். அங்கே குடிக்கலாம், ஆனால், அந்த இலையை நம் நாட்டுக்குக் கொண்டுவருவது சட்டப்படி குற்றம். போவதற்கு முன்பே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள்.

திக்கினா என்ற இடத்தில் ஏரி குறுகி, சாலை நின்றுவிடுகிறது. பஸ்ஸை மரத் தெப்பத்தில் ஏற்றினார்கள். நாங்கள் தனிப் படகில் அக்கரை போனோம். அங்கிருந்து எல் ஆல்ட்டோ, லா பாஸ் நகரங்களைக் கடந்து தெற்கே ஒருரோ வரை போனோம். பெரும்பாலும் மரமில்லாத சமவெளி. குளிர் கடுமை என்பதால் இரவு பஸ்ஸைத் தவிர்த்தோம். அதனால் வழியெல்லாம் வயலைப் பார்க்க முடிந்தது.

எதிரியையே வேலைக்காரனாக்கிய விவசாயிகள்

நாங்கள் போனது ஜூன் மாதம். அங்கே அது குளிர்காலம். ஒரு கிராமத்தில் வயது முதிர்ந்த அய்மாரா பெண் ஒருவர், தரையில் பரப்பிய உருளைக்கிழங்கை வெறும் காலால் மிதித்துக்கொண்டிருந்தார். இரவு உறைபனியில் கிழங்கு கல்லாக உறையும். பகல் வெயிலில் இளகும். சில நாள் இப்படி விட்டு, பிறகு மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து, தோலை நீக்கிக் காயவைக்கிறார்கள். இதன் பெயர் சூன்யோ. கறுத்துச் சுருங்கி, கூழாங்கல் போல இருக்கும். சரியாகக் காய்ந்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஊறவைத்து வேகவைத்தால் சாப்பாடு தயார்.

இதற்கென்றே, உறைபனியைத் தாங்கும் கசப்பு ரகங்களை வைத்திருக்கிறார்கள். அப்படியே சமைத்தால் வாயில் வைக்க முடியாது. உறையவைத்துப் பிழியும்போது கசப்பின் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. குளிர்பதனக் கிடங்கும் இல்லை, மின்சாரச் செலவும் இல்லை. சந்தையில் விலை விழுந்தால் கிழங்கை வந்த விலைக்குத் தள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த மேட்டு நிலத்தில் 'அய்னோகா' என்றொரு பழைய முறையும் உண்டு. ஊர் நிலத்தைப் பல பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவில் முதல் ஆண்டு உருளை, அடுத்து கினோவா அல்லது பார்லி என்று பயிர் செய்துவிட்டு, பல ஆண்டுகள் தரிசாக விடுவார்கள். அந்தத் தரிசில் ஆடும் லாமாவும் மேயும். எரு விழுந்து மண் தேறும்.

விலை ஏறியது... மண் இறங்கியது!

ஒருரோவிலிருந்து தெற்கே உயுனி நகருக்குப் போனோம். 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த உப்புப் பாலைவனம் அங்கே இருக்கிறது. அதைச் சுற்றித்தான் பெரிய மணியுள்ள 'குயினுவா ரியால்' என்ற கினோவா விளைகிறது. முன்பு மலைச் சரிவில் கையால் குழி போட்டு விதைத்தார்கள். சமவெளியில் லாமா மேய்ந்தது.

2013-ஆம் ஆண்டை ஐ.நா. சபை சர்வதேச கினோவா ஆண்டாக அறிவித்தது. அதற்கு முன்பிருந்தே ஏறிவந்த விலை, அப்போது உச்சத்துக்குப் போனது. டிராக்டரும் சட்டிக் கலப்பையும் சமவெளியில் இறங்கின. மேய்ச்சல் நிலம் வயலானது. லாமா குறைந்தது, எரு குறைந்தது, தரிசு விடும் காலமும் சுருங்கியது. அதே நேரத்தில், பெருவின் கடற்கரைப் பகுதியில் பாசனமும் உரமும் கொடுத்து, கூடுதல் மகசூல் எடுத்துச் சந்தைக்கு அனுப்பினார்கள். 2015-க்குள் விலை பாதிக்கும் கீழே போய்விட்டது.

நாங்கள் நின்ற வயலில் அறுவடை முடிந்திருந்தது. காற்று அடித்தபோது மேல்மண் புகையாக எழுந்து போனது. புதர்களைப் பிடுங்கி உழுத இடம். அந்த மண் திரும்ப எத்தனை காலம் ஆகும்? விலை இறங்கியவுடன் விவசாயி பயிரை மாற்றிவிடலாம். போன மண்ணை யார் கொடுப்பார்கள்?

அங்கே நிற்கும்போது எனக்கு மனசு உறுத்தியது. முப்பது ஆண்டுப் பணியில், விலை ஏறிய பயிரைக் காட்டி 'இதைப் போடுங்க' என்று ஊர் ஊராகப் போய் நானும் சொல்லியிருக்கிறேன். விலை இறங்கினால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்ததில்லை. 2023-ல், நம் நாடு முன்மொழிந்த சர்வதேச சிறுதானிய ஆண்டும் வந்து போனது. சிறுதானியம் போடும் நமக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

வாசகருக்குப் பதில்

மூன்று ஏக்கரையும் மாற்ற வேண்டாம். ஆசைப்பட்டால் ஐந்து சென்ட்டில், குளிர்ந்த பருவத்தில் போட்டுப் பாருங்கள். பூக்கும்போது 35 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் மணி பிடிப்பது குறையும். கினோவா மணியின் மேல் கசப்புப் படலம் இருக்கும். அதைத் தேய்த்துக் கழுவி உலர்த்தினால்தான் விற்க முடியும். அதை யார் செய்வது, யார் வாங்குவது என்பதை விதைப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

வீட்டுக்குச் சாப்பாடு போடும் சாமை, வரகு, துவரை, நிலக்கடலையை மட்டும் நிலத்திலிருந்து வெளியேற்றிவிடாதீர்கள். ஆட்டுக்கிடை போடும் வழக்கம் இருந்தால், அதையும் விட்டுவிடாதீர்கள். கினோவா விலை விழுந்த ஆண்டிலும் சூன்யோ மூட்டை இருந்த வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும்.