கப்பல் கேப்டனைக் குட்டையாக்கிய சுரப்பி!
ஏழாவது ஆபரேஷனில் அகப்பட்டது

ஆறு அடி ஒரு அங்குல உயரம். கடலிலேயே உழைத்து உரமேறிய உடம்பு. அமெரிக்கக் கப்பல் கேப்டன் சார்லஸ் மார்ட்டெல் அப்படித்தான் இருந்தார்.

முதல் உலகப்போர் முடிகிற சமயத்தில் அவர் உடம்பு கெடத் தொடங்கியது. காலில் வலி. முதுகில் வலி. இடறி விழுந்தால் எலும்பு முறிந்தது. சிறுநீரில் கல் போயிற்று.

எல்லாவற்றையும்விட விசித்திரம் ஒன்று உண்டு. ஆள் குட்டையாகிக்கொண்டே வந்தார்! சில ஆண்டுகளில் 7 அங்குலம் குறைந்துவிட்டார்.

என்ன காரணம்? எலும்புக்கு உறுதி தரும் சுண்ணாம்புச் சத்து கரைந்துகொண்டிருந்தது. இதைத்தான் கால்சியம் என்கிறோம். அது ரத்தத்தில் கலந்தது. ரத்தத்திலிருந்து சிறுநீரகத்துக்குப் போய்க் கல்லாக உறைந்தது. சத்துப் போன முதுகெலும்பு உடம்பின் பாரம் தாங்காமல் நசுங்கியது.

1926-ம் ஆண்டு நியூயார்க் பெல்வியூ ஆஸ்பத்திரியில் டாக்டர் யூஜின் டுபுவா அவரைப் பரிசோதித்தார். ரத்தத்தில் கால்சியம் மிக அதிகம். டாக்டருக்குக் கழுத்திலுள்ள நான்கு சிறிய சுரப்பிகள் மேல் சந்தேகம் விழுந்தது.

நாலு காவல்காரர்கள்

தைராய்டு சுரப்பியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு நான்கு சுரப்பிகள் இருக்கின்றன. பெயர் பாராதைராய்டு. ஒவ்வொன்றும் ஓர் அரிசி அளவுதான். பெயரில்தான் ஒற்றுமை, தைராய்டின் வேலை வேறு, இவற்றின் வேலை வேறு.

ரத்தத்தில் கால்சியம் குறையாமல் காவல் காப்பதே இவற்றின் வேலை. குறைந்தால் ஒரு ஹார்மோனைச் சுரக்கும். உடனே எலும்பு கொஞ்சம் கால்சியத்தை விட்டுக்கொடுக்கும். சிறுநீரகம் வெளியே விடாமல் பிடித்து வைக்கும். போதுமான அளவு வந்ததும் சுரப்பி ஓய்ந்துவிடும்.

சிலருக்கு ஒரு சுரப்பி மட்டும் பெருத்துவிடும். அது ஓய்வதே இல்லை. இரவும் பகலும் சுரக்கும். காவல்காரனே பெட்டியை உடைத்த கதைதான்! இந்தக் கட்டி பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. நூற்றில் ஒருவருக்குக்கூட அப்படி இருப்பது அரிது.

இந்தச் சுரப்பியை முதலில் மனிதரிடம் கண்டுபிடிக்கவில்லை. லண்டன் மிருகக்காட்சி சாலையில் இறந்துபோன ஓர் இந்தியக் காண்டாமிருகத்திடம்தான் பார்த்தார்கள்! அதை அறுத்துப் பார்த்து 1850-ல் எழுதி வைத்தவர் ரிச்சர்டு ஓவன். மனிதருக்கும் அது உண்டு என்று 1880-ல் காட்டியவர் ஸ்வீடன் நாட்டு மருத்துவ மாணவர் ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம்.

தலைகீழாக நினைத்தார்கள்

எலும்பு கரைந்தவர்களுக்கு இந்தச் சுரப்பி பெருத்திருப்பதை டாக்டர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். ஆனால், “எலும்பைக் காப்பாற்றத்தான் சுரப்பி பெருக்கிறது” என்று பலர் நினைத்தார்கள்.

வியன்னா நகரில் டிராம் கண்டக்டர் ஒருவர் இந்த நோயால் நடக்க முடியாமல் கிடந்தார். டாக்டர் பெலிக்ஸ் மாண்டல் முதலில் அவருக்கு வேறொருவரின் சுரப்பியை வைத்துப் பார்த்தார். பலன் இல்லை. பிறகு 1925-ல் கழுத்தைத் திறந்து, பெருத்த சுரப்பியை எடுத்துவிட்டார். வலி குறைந்தது. ரத்தத்தில் கால்சியம் இறங்கியது. படுத்தவர் நடந்தார்! திருடன் யார் என்பது அன்று தெரிந்தது.

மார்ட்டெல் அவ்வளவு பாக்கியசாலி அல்ல. பாஸ்டன் நகரின் மாசாசூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரியில் அவருக்குக் கழுத்தைத் திறந்தார்கள். கெட்ட சுரப்பி அகப்படவில்லை. மறுபடி திறந்தார்கள். அப்போதும் இல்லை. இப்படி ஆறு ஆபரேஷன்!

கேப்டன் சோர்ந்துவிடவில்லை. மருத்துவ நூலகத்துக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டினார். “கழுத்தில் இல்லையென்றால் மார்புக்குள் இருக்கும். அங்கே பாருங்கள்” என்று அவரே வற்புறுத்தினார். 1932-ல் ஏழாவது ஆபரேஷன். டாக்டர்கள் சர்ச்சிலும் கோப்பும் மார்பைத் திறந்தார்கள். அங்கே இருந்தது, மூன்று சென்டிமீட்டர் கட்டி!

ஆனால் காலம் கடந்துவிட்டது. சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்து, அதற்கு ஆபரேஷன் செய்தபின், சில வாரங்களில் அவர் இறந்தார்.

வெயில் சூடு என்று விட்டுவிடாதீர்கள்

கல்லடைப்பு வந்தால் நம் வீட்டில் என்ன செய்கிறோம்? “உடம்பு சூடு” என்கிறோம். வாழைத்தண்டுச் சாறு கொடுக்கிறோம். தண்ணீர் நிறையக் குடிப்பது நல்லதுதான். ஆனால் கல் திரும்பத் திரும்ப வந்தால் ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று பார்த்தே ஆகவேண்டும்.

வேறு அடையாளங்களும் உண்டு. ஓயாத களைப்பு. உடம்பெல்லாம் வலி. மலச்சிக்கல். அடிக்கடி தாகம், அடிக்கடி சிறுநீர். மனச்சோர்வு, மறதி. ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த நோய் அதிகம். அதிலும் மாதவிலக்கு நின்ற பிறகு. “அம்மாவுக்கு வயசாகிவிட்டது” என்று பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். அம்மாவும் அப்படியே நம்பிவிடுகிறாள். சிலருக்கு எந்த அடையாளமுமே இருக்காது. வேறு எதற்கோ ரத்தம் பார்க்கும்போது தெரியவரும்.

100 மில்லி ரத்தத்தில் கால்சியம் சுமார் எட்டரை முதல் பத்தரை மில்லிகிராம் வரை இருக்கலாம். அதிகமாக இருந்தால் மறுபடி ஒருமுறை பார்ப்பார்கள். கூடவே பாராதைராய்டு ஹார்மோனையும் அளப்பார்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கால்சியம் அதிகம், ஹார்மோன் மட்டும் “நார்மல்” என்று சீட்டில் இருக்கிறது. கவலை இல்லை என்று வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அது தவறு! கால்சியம் ஏறியிருக்கும்போது ஹார்மோன் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். இறங்காமல் நிற்பதே சந்தேகத்துக்கு இடம்.

ஹார்மோன் இறங்கியிருந்தால் காரணம் வேறு. புற்றுநோய் இருக்கலாம். எலும்புக்குப் பலம் என்று வைட்டமின் ‘டி’ ஊசியை அளவில்லாமல் போட்டுக்கொண்டாலும் கால்சியம் ஏறும். ஹார்மோன் இறங்காமல் நிற்பவர்களிலும், பரம்பரையாக வரும், கெடுதல் இல்லாத ஒரு வகை உண்டு. 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துப் பார்த்தால் அது தெரியும். அதற்கு ஆபரேஷன் வேண்டாம்.

நாமாகவே பாலை நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து வருவது குறைந்தால் சுரப்பி எலும்பை இன்னும் கரைக்கும்.

லேசான நோயென்றால் மருந்தோடும் சோதனையோடும் காத்திருக்கலாம். கல் இருந்தால், எலும்பு மெலிந்திருந்தால், 50 வயதுக்குக் கீழே இருந்தால், டாக்டர்கள் பெரும்பாலும் ஆபரேஷனே சொல்வார்கள். நோயைத் தீர்ப்பது அதுதான்.

இன்று மார்ட்டெல் போல ஏழு முறை படுக்க வேண்டியதில்லை. கெட்ட சுரப்பி எங்கே என்று ஸ்கேன் பெரும்பாலும் முன்கூட்டியே காட்டிவிடும். கழுத்தில் சின்னக் கீறல் போதும். பழகிய கை செய்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிவிடுகிறார்கள்.

வாந்தியும் நினைவுக் குழப்பமும் சேர்ந்து வந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. கால்சியம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றி இறக்குவார்கள்.

ஆபரேஷன் ஆன சில நாட்களில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு வரலாம். பறிகொடுத்த கால்சியத்தை எலும்பு அவசரமாகத் திரும்ப இழுத்துக்கொள்வதால் வருவது இது. டாக்டர் கொடுத்த கால்சிய மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். மதமதப்பு கூடினால் அவரிடம் உடனே சொல்ல வேண்டும். ஆறு மாதம் கழித்தும் ரத்தத்தில் கால்சியம் சரியாக இருந்தால் நோய் போயிற்று என்று அவர் சொல்வார்.