தொழில் ரகசியத்தைத் தூக்கிக் கொடுத்த கம்பெனிகள்: தெரியுமா?

தொழில் ரகசியம் வெளியே போகக் கூடாது என்பதுதான் வியாபாரத்தின் பாலபாடம். ஆனால், அதை ஊரறியச் சொல்லியே உலகத்தை மாற்றிய கம்பெனிகளும் இருக்கின்றன, தெரியுமா? அதைவிட ஆச்சரியம், சொன்னதால் அவர்கள் நொடித்துப்போகவில்லை!

நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டை

ஒரு காலத்தில் கார் பெல்ட் பெரும்பாலும் இடுப்பை மட்டும்தான் சுற்றியிருந்தது. வேகமாகப் போய் மோதினால் அதுவே வயிற்றை அழுத்திக் காயப்படுத்திவிடும். ஸ்வீடனின் வால்வோ கம்பெனி இதைச் சரிசெய்ய நில்ஸ் போலின் என்ற பொறியாளரை வேலைக்கு எடுத்தது. அதற்கு முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? ஆபத்து வந்தால் விமானியோடு சேர்ந்து வெளியே எகிறும் இருக்கைகளைப் போர் விமானங்களுக்கு வடிவமைத்துக்கொண்டிருந்தார்! 1959-இல் அவருடைய மூன்று முனை பெல்ட் காருக்கு வந்தது. காப்புரிமை வால்வோவிடம் இருந்தது. ஆனாலும், எந்தக் கார் கம்பெனி வேண்டுமானாலும் இதைச் செய்துகொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். இன்று எந்தக் காரில் ஏறினாலும் நீங்கள் மாட்டிக்கொள்வது போலினின் பெல்ட்தான்!

டீக்கடைக்கு வந்த ஜப்பான் கட்டம்

டீக்கடையில், பூக்கடையில், கோயில் உண்டியலில்கூட ஒட்டியிருக்கும் கியூஆர் கோடு எதற்காகப் பிறந்தது தெரியுமா? கார் உதிரி பாகங்களைக் கணக்கில் வைத்துக்கொள்வதற்கு! ஜப்பானின் டென்சோ தொழிற்சாலையில் ஒரு பார்கோடில் இருபது எழுத்துக்குமேல் அடங்காது. அதனால் ஒரே பெட்டிக்குப் பல பார்கோடுகளைத் தொழிலாளர்கள் ஒவ்வொன்றாகப் படிக்கவைக்க வேண்டியிருந்தது. மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளருக்கு, கறுப்பு வெள்ளைக் காய்கள் வைத்து ஆடும் ‘கோ’ விளையாட்டுப் பலகையைப் பார்த்ததும், தகவலையும் இப்படிக் கட்டங்களில் அடைக்கலாமே என்று பொறி தட்டியது.

கியூஆர் கோடின் மூலைகளில் இருக்கும் மூன்று சதுரங்களைக் கவனித்திருக்கிறீர்களா? அவற்றின் நடு வழியே எந்தக் கோணத்தில் கோடு கிழித்தாலும் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி 1:1:3:1:1 என்ற அளவில் வரும். பத்திரிகை, துண்டுப் பிரசுரம், அட்டைப்பெட்டி என்று அச்சான தாள்களையெல்லாம் அலசி, எங்கும் அரிதாக மட்டுமே வரும் விகிதம் இது என்று கண்டுபிடித்தார்கள். அதனால்தான் போனைக் கோணலாகப் பிடித்தாலும் கேமரா கோடை உடனே அடையாளம் காண்கிறது. 30 சதவீதம் வரை கிழிந்தாலும் அழுக்கானாலும் படிக்கும்படி அச்சிட முடியும்!

1994-இல் வெளியிட்டபோது டென்சோ காப்புரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஆனால், தரத்தின்படி பயன்படுத்துகிறவர்கள் காசு கொடுக்க வேண்டாம் என்று அறிவித்துவிட்டது. இன்று பூக்கார அம்மா அந்த அட்டைக்காக ஜப்பானுக்கு ஒரு பைசா அனுப்ப வேண்டியதில்லை!

புதையல் வரைபடம் இதோ!

சுரங்கக்காரர்கள் உயிரே போனாலும் வெளியே விடாதது எது? நிலத்தடித் தகவல்! கனடாவின் ரெட் லேக் பகுதியில் கோல்ட்கார்ப் கம்பெனிக்கு 55,000 ஏக்கர் நிலம் இருந்தது. தங்கம் எங்கே என்பதுதான் பிடிபடவில்லை. லினக்ஸ் மென்பொருளை உலகமே கூடி உருவாக்கிய கதையைக் கேட்ட தலைவர் ராப் மெக்யூவன், 2000-இல் தன் நிலத்தின் தகவல் மொத்தத்தையும் இணையத்தில் போட்டார். எங்கே தோண்டலாம் என்று சொல்பவர்களுக்கு 5,75,000 டாலர் பரிசு! முதல் பரிசைத் தட்டியவர்கள் ஆஸ்திரேலியர்கள். சுரங்கத்தில் காலே வைக்காமல், கணினியில் முப்பரிமாண மாதிரி செய்து இடம் காட்டினார்கள்! வந்த யோசனைகளில் பாதி, கம்பெனி நினைத்தே பார்க்காத இடங்கள். தோண்டியதில் பெரும்பாலானவற்றில் தங்கம் இருந்தது!

200 ஆண்டுக்கு முன்பே!

இப்படித் தகவலைத் திறந்து காட்டுவது இணையம் கற்றுத்தந்த பழக்கம் என்று நினைக்கிறீர்களா? இங்கிலாந்தின் கார்ன்வால் செப்புச் சுரங்கங்களில் நீர் இறைக்க நீராவி எந்திரம் ஓடியது. நிலக்கரி கப்பலில் வர வேண்டும், விலையோ அதிகம். 1811 முதல், எந்த எந்திரம் எவ்வளவு கரிக்கு எவ்வளவு நீர் இறைத்தது என்று, அமைப்பு விவரத்தோடு மாதாமாதம் அச்சிட்டு எல்லோருக்கும் காட்டினார்கள். ஒருவர் செய்ததைப் பார்த்து அடுத்தவர் மேம்படுத்த, சுமார் முப்பதே ஆண்டுகளில் அதே கரிக்குக் கிடைத்த வேலை மூன்று மடங்கைத் தாண்டியது!

சிப் பிறந்த வகுப்பறை

டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த அமெரிக்காவின் பெல் ஆய்வகம், 1952 ஏப்ரலில் அதைச் செய்வது எப்படி என்று வெளிக் கம்பெனிகளுக்குப் பாடமே நடத்தியது! உரிமத்துக்கு முன்பணம் 25,000 டாலர். காது கேட்கும் கருவி செய்பவர்களுக்கு மட்டும் ராயல்டி கிடையாது. பாடம் கேட்க வந்தவர்களில் ஜாக் கில்பியும் ஒருவர். 1958-இல் சிப்பை உருவாக்கி, 2000-இல் நோபல் பரிசு பெற்றாரே, அதே கில்பி!

இன்னும் சில

2010-இல் ஜிஎஸ்கே மருந்துக் கம்பெனி, மலேரியாக் கிருமியைத் தடுக்கும் 13,500-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களின் விவரத்தை உலக விஞ்ஞானிகளுக்குத் திறந்து வைத்தது. 2015-இல் டொயோட்டா, ஹைட்ரஜன் கார் தொடர்பான 5,680 காப்புரிமைகளை இலவசமாக்கியது. நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சளைத்ததல்ல. தன் நிர்வாக முறையை மற்ற மருத்துவமனைகளுக்குச் சொல்லித்தரவே 1992-இல் தனிப் பயிற்சி நிறுவனம் தொடங்கியது!

கொடுத்தது எது, வைத்துக்கொண்டது எது?

டென்சோ கோடைக் கொடுத்தது, படிக்கும் கருவியை விற்றது. கோல்ட்கார்ப் வரைபடத்தைக் கொடுத்தது, நிலத்தை வைத்துக்கொண்டது. எதைத் திறப்பது, எதைப் பூட்டுவது என்று தெரிந்ததுதான் இவர்களின் கெட்டிக்காரத்தனம்.

கடைசியாக ஒன்று: காப்புரிமை என்பதே ஓர் ஒப்பந்தம். கண்டுபிடிப்பை விவரமாக எழுதிக் கொடுத்தால்தான் 20 ஆண்டு பாதுகாப்பு. காலம் முடிந்த பிறகு, அதை எவரும் எடுத்துச் செய்யலாம். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் அந்த ஆவணங்களை இலவசமாகவே தேடிப் படிக்கலாம். பட்டறை வைத்திருப்பவர்களே, பொறியியல் மாணவர்களே, இன்றே தேடத் தொடங்குங்கள்!