அல்-கலீயும் அளத்து உப்பும்: உப்புச் சவர்க்காரம் குறித்து ஒரு விளக்கம்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தை அடையும்போது கண்ணில் முதலில் படுவன உப்புப் பாத்திகளும் வெண்ணிறக் குவியல்களுமே. வடக்கே ஆந்திரத்திலிருந்து கரையோரமாக வரும் பக்கிங்காம் கால்வாய் இப்பகுதியில்தான் முடிவடைகிறது. மேற்கே கழுவேலி என்னும் பெரும் உவர்நீர் ஏரி பரந்து கிடக்கிறது. 2021ஆம் ஆண்டில் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட அவ்வேரி, 2024இல் ராம்சர் உடன்படிக்கையின் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. சங்க இலக்கியம் கூறும் எயிற்பட்டினமும், கிரேக்க மாலுமி ஒருவரின் பயணக் குறிப்பில் வரும் சோபட்மாவும் இவ்வூரே என ஆய்வாளர் பலர் கருதுவர். உப்பும் வணிகமும் இக்கரைக்குப் புதியன அல்ல.

இக்கரையின் உப்பைக் கொண்டு, தோலின் அழுக்கையும் சொரசொரப்பையும் தேய்த்து அகற்றும் சவர்க்காரக் கட்டிகளை வீட்டிலேயே செய்யும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. உப்புக்கும் சவர்க்காரத்துக்கும் உள்ள உறவு மேலோட்டமானதன்று. சவர்க்காரத்தை ஆக்கும் காரமும் உப்பிலிருந்தே பிறக்கிறது. கட்டியை இறுகச் செய்வதும் உப்பு. தோலைத் தேய்ப்பதும் உப்பு. ஆனால் இம்மூன்றிலும் அளவு தவறினால் நன்மை தீமையாகிவிடும்.

சாம்பலிலிருந்து பிறந்த சொல்

இன்று உலக மொழிகள் பலவற்றிலும் வழங்கும் ‘ஆல்கலி’ என்னும் வேதியியற் சொல், ‘அல்-கலீ’ என்னும் அரபுச் சொல்லின் திரிபாகும். உவர்நிலச் செடிகளை எரித்துப் பெறும் சாம்பலையே அச்சொல் குறித்தது. நம் கடற்கரை உவர்நிலங்களில் தண்டு பருத்து, சிவந்தும் பசுத்தும் வளரும் உமரி அவ்வகைச் செடிகளின் உறவினமே. உப்பு மண்ணில் வேரூன்றிய செடி, உப்பிலுள்ள சோடியத்தைத் தன் உடலில் சேர்த்து வைக்கிறது. எரித்தால் அது சோடியம் கார்பனேட்டாகச் சாம்பலில் எஞ்சுகிறது. அச்சாம்பலை நீற்றிய சுண்ணாம்புடன் நீரில் கலந்தால் கடுங்காரம் பிறக்கும். அக்காரத்தை எண்ணெயுடன் காய்ச்சினால் கெட்டியான சவர்க்காரம் உருவாகும்.

பாலஸ்தீனத்தின் நாப்லுஸ் நகரமும் சிரியாவின் அலெப்போ நகரமும் இக்கலையால் புகழ்பெற்றவை. நாப்லுஸ் பட்டறைகளுக்கு வேண்டிய செடிச் சாம்பலை ஜோர்தான் ஆற்றுக்குக் கிழக்கேயுள்ள நிலங்களிலிருந்து பதவிகள் கொண்டுவந்தனர். அங்கே ஒலிவ எண்ணெயும், அலெப்போவில் ஒலிவ எண்ணெயுடன் லாரல் காயின் எண்ணெயும் மூலப்பொருளாயின. கட்டிகளைக் கோபுரம்போல் இடைவெளிவிட்டு அடுக்கி, பல மாதங்கள் காற்றில் உலரவிடுவது இரு நகரங்களுக்கும் பொதுவான வழக்கம். 2024ஆம் ஆண்டு டிசம்பரில் இவ்விரு கைவினைகளையும் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ‘ஸாபூன்’ என்று அரபியர் வழங்கிய சொல் பாரசீகம், உருது, மலாய் ஆகிய மொழிகளிலும் நிலைத்தது. ஈழத் தமிழர் இன்றும் வழங்கும் ‘சவர்க்காரம்’ என்னும் சொல்லிலோ, காரம் என்பது வெளிப்படையாகவே நிற்கிறது.

1791இல் பிரான்சின் நிக்கோலா லெப்லாங்க், செடிச் சாம்பலை விடுத்துக் கடலுப்பிலிருந்தே சோடாவைப் பெறும் வழியைக் கண்டார். கொழுப்பு என்பது கொழுப்பமிலங்களும் கிளிசரினும் இணைந்த பொருள் என்பதை மிஷெல் ஷெவ்ரல் 1823இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். இன்று உப்புநீரில் மின்சாரத்தைச் செலுத்திக் காஸ்டிக் சோடா எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடைப் பெறுகின்றனர். தமிழகத்தில் மேட்டூரிலும், தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரத்திலும் இவ்வாறு காரம் தயாரிக்கும் ஆலைகள் உள்ளன. செடி செய்த வேலையை மின்சாரம் செய்கிறது; மூலம் அன்றும் இன்றும் உப்பே.

மாற்றம் என்னும் சட்டச் சிக்கல்

எண்ணெயும் காரமும் சேர்ந்தபின் இரண்டும் இரண்டாக இருப்பதில்லை. கொழுப்பமிலம் சோடியத்தோடு சேர்ந்து சவர்க்காரமாகிறது. கிளிசரின் தனியே பிரிகிறது. இவ்வாறு ஒரு பொருள் தன் தன்மை மாறி வேறொன்றாவதை ஃபிக்ஹ் அறிஞர் ‘இஸ்திஹாலா’ என்பர். அசுத்தமான கொழுப்பிலிருந்து செய்த சவர்க்காரம் தூய்மையானதா என்னும் வினாவை ஹனஃபி மத்ஹபின் நூல்கள் எடுத்து ஆய்ந்துள்ளன. அதற்கு அவை காட்டும் ஒப்புமை உப்பளத்திலிருந்தே வருகிறது: உப்பளத்தில் விழுந்த கழுதை காலப்போக்கில் முற்றும் உப்பாகிவிட்டால், அவ்வுப்பு தூயதா? தூயதே என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் முஹம்மது (ரஹ்) ஆகியோரின் கருத்து. இமாம் அபூயூசுஃப் (ரஹ்) இதில் மாறுபடுவார். பொருளின் மெய்ம்மை மாறினால் தீர்ப்பும் மாறும் என்னும் அடிப்படையில், சவர்க்காரமும் தூயதெனக் கொள்ளப்பட்டது. ஷாஃபி மத்ஹபிலோ, மது தானே காடியாதல், தோல் பதனிடப்படுதல் போன்ற சில நேர்வுகள் தவிர, மாற்றத்தால் அசுத்தம் நீங்குவதில்லை.

தமிழகக் கடற்கரை முஸ்லிம்களுள் பெரும்பாலோர் ஷாஃபிகள்; உள்நாட்டில் ஹனஃபிகள் மிகுதி. ஆகவே கடைச் சவர்க்காரத்தின் உறையில் ‘சோடியம் டாலோவேட்’ என்று கண்டால், அது விலங்குக் கொழுப்பிலிருந்து வந்தது என்பதை அறிந்துகொண்டு, அவரவர் மத்ஹபின் ஆலிம்களை வினவுதல் தகும். வீட்டில் தேங்காயெண்ணெய் கொண்டு செய்யும் கட்டியில் இவ்வினாவே எழுவதில்லை.

தேங்காயெண்ணெய் ஏன்?

உப்புச் சவர்க்காரத்துக்குத் தேங்காயெண்ணெயைத் தேர்வது வெறும் வசதிக்காகவன்று. பெரும்பாலான எண்ணெய்களின் சவர்க்காரம் உப்புநீரில் கரையாது. பெரிய ஆலைகளில் காய்ச்சிய கலவையில் உப்பைச் சேர்த்துச் சவர்க்காரத்தைக் கிளிசரின் கலந்த நீரிலிருந்து பிரித்தெடுப்பதும் இவ்வியல்பைக் கொண்டுதான். நல்லெண்ணெயிலோ ஒலிவ எண்ணெயிலோ செய்த கட்டியில் பாதியளவு உப்பைச் சேர்த்தால் நுரை எழாது. தேங்காயெண்ணெயில் மிகுந்துள்ள லாரிக் அமிலத்தின் சவர்க்காரம் மட்டும் உப்புநீரிலும் ஓரளவு கரைந்து நுரைக்கும்.

ஆயினும் தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் தோலின் இயற்கை எண்ணெயையும் சேர்த்துக் கழுவி உலர்த்திவிடும். இதைத் தடுக்கவே காரத்தைக் குறைத்து, எண்ணெயின் ஐந்தில் ஒரு பங்கு மாறாமல் கட்டியிலேயே தங்குமாறு செய்கின்றனர்.

உப்பைத் தூய்மை செய்தல்

அளத்தில் வாரிய உப்பை அப்படியே சேர்த்தலாகாது. கடல்நீர் வெயிலில் வற்றும்போது முதலில் ஜிப்சம் படியும். பிறகு சமையலுப்பு படியும். இறுதியில் மக்னீசிய உப்புகள் மிகுந்த கசப்பு நீர் எஞ்சும். அந்நீர் கல்லுப்பின் மேல் ஒட்டியிருந்தால் அது காற்றின் ஈரத்தை இழுக்கும். சவர்க்காரத்துடன் வினைபுரிந்து கரையாத பிசுக்கையும் உண்டாக்கும். மக்னீசியம் மிகுந்த சாக்கடல் உப்பு இக்கட்டிக்கு ஒவ்வாததும் இக்காரணத்தாலேயே.

கல்லுப்பை வெறுநீரில் கழுவினால் உப்பே கரைந்துபோகும். நிறைவுற்ற உப்புநீரில் கழுவவேண்டும். ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 360 கிராம் தூய உப்பைக் கரைத்தால் அந்நீர் நிறைவுறும். அதில் கல்லுப்பை இருமுறை அலசினால் மக்னீசியம் நீரோடு போய்விடும். உப்பு கரையாமல் நிற்கும். பின் துணியில் வடித்து, வெயிலில் உலர்த்தி, இடித்து, மாவுச் சல்லடையில் சலித்துக்கொள்ள வேண்டும். பரலாக உள்ள உப்பு தோலைக் கீறும், நுண்ணுப்பே ஏற்றது. உள்நாட்டில் இருப்போர் கடையில் கிடைக்கும் தூளுப்பையே பயன்படுத்தலாம்.

அளவும் செய்முறையும்

தேங்காயெண்ணெய் 500 கிராம், காஸ்டிக் சோடா 73 கிராம், நீர் 165 கிராம், சலித்த உப்பு 250 கிராம். இது நூறு கிராம் கட்டிகள் ஒன்பது அல்லது பத்துக்குப் போதும். 500 கிராம் தேங்காயெண்ணெய் முழுதும் சவர்க்காரமாக ஏறத்தாழ 91.5 கிராம் காரம் வேண்டும். அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தே 73 கிராம் எனக் கொண்டோம். நீர் உள்பட எல்லாவற்றையும் தராசில் நிறுத்தே எடுக்கவேண்டும். குவளையாலோ கண்மதிப்பாலோ அளத்தல் கூடாது.

காரம் கண்ணைப் பறிக்கவல்லது. கண்ணாடியும் கையுறையும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில், சிறுவர்களை அகற்றிவைத்துச் செய்க. காரத்தையே நீரில் சிறிது சிறிதாக இடவேண்டும். காரத்தின்மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கரையும்போது கரைசல் 80 பாகை செல்சியசுக்கு மேலும் சூடேறக்கூடும். அலுமினியப் பாத்திரம் அறவே ஆகாது. காரம் அதை அரித்து, தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். எவர்சில்வர் ஏற்றது. காரம் உடலில் பட்டால் ஓடும் நீரில் இருபது நிமிடம் கழுவவேண்டும். எலுமிச்சைச் சாறோ காடியோ தடவலாகாது. கண்ணில் பட்டால் கழுவிய உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

கரைசலும் எண்ணெயும் ஏறத்தாழ 40 பாகைக்கு ஆறியபின், கரைசலை எண்ணெயில் ஊற்றிக் கலக்குக. கலவை மோர்க்குழம்பின் பதத்துக்கு வந்து, மேலே சிந்திய துளி சற்று நேரம் தடமாக நிற்கும்போது உப்பைச் சேர்த்துக் கிளறி, தனித்தனி அச்சுகளில் ஊற்றவேண்டும். ஒரே தட்டில் ஊற்றினால் சில மணி நேரத்துக்குள் வெட்டிவிட வேண்டும். மறுநாள் வரை விட்டால் கல்போல் இறுகி, வெட்டும்போது நொறுங்கும். மறுநாள் அச்சிலிருந்து எடுத்து, இடைவெளிவிட்டு அடுக்கி, நான்கு முதல் ஆறு வாரம் உலரவிடுக. நாப்லுஸ் கோபுரங்களின் பாடமும் இதுவே.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இக்கட்டிகள் வியர்த்து நீர் கோக்கும். உப்பு விளையும் வெயில் மாதங்களே இதைச் செய்வதற்கும் உகந்தவை.

பயன்பாட்டின் எல்லை

தோலின் மேற்படலம் ஏறத்தாழ நான்கு வாரத்தில் தானே புதுப்பிக்கப்படுகிறது. தேய்த்தல் அதற்கு ஒரு சிறு துணை மட்டுமே. நலமான தோல் இலேசான அமிலத்தன்மை உடையது. சவர்க்காரமோ காரத்தன்மை உடையது. ஆதலால் குதிகால், முழங்கை, முழங்கால் ஆகிய தடித்த இடங்களில் வாரம் ஓரிருமுறை தேய்ப்பது போதும். முகத்திலும், மழித்த தோலிலும், புண்ணிலும், குழந்தைகளுக்கும் வேண்டா. பாதத்தில் உணர்ச்சி குறைந்த நீரிழிவு நோயாளர் இதைத் தவிர்ப்பதே நலம். கீறல் விழுந்தாலும் அவர்கள் அறியமாட்டார்கள். அவர்களுக்குப் பயற்றமாவு மேலானது. மற்றையோர் முற்றிய பீர்க்கங்கூட்டையும் பயன்படுத்தலாம். ஆங்கிலேயர் அதை ‘லூஃபா’ என்பதும் ‘லூஃப்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்தே.

உப்புக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. தேய்த்தபின் அது நீரில் கரைந்துவிடுகிறது. முகப்பூச்சுகளிலும் குளியல் பசைகளிலும் சேர்க்கப்பட்ட நுண்பிளாஸ்டிக் மணிகள் கரையாமல் ஆற்றிலும் ஏரியிலும் சேர்ந்ததால்தான், அமெரிக்கா 2015இல் அவற்றுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. கழுவேலி போன்ற ஈரநிலத்தின் அருகில் வாழ்வோர் இவ்வேறுபாட்டை எண்ணிப்பார்க்க வேண்டும்.

விற்பனைக்குச் செய்ய விரும்பும் மகளிர் குழுக்கள் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். இந்தியச் சட்டப்படி குளியல் சவர்க்காரம் அழகுசாதனப் பொருளாகும். சொந்தப் பயனுக்குச் செய்யத் தடையில்லை. விற்பதற்கு மாநில உரிமம் தேவை. உரிமம் பெற்று முறையாகச் செய்தால், மூட்டைக் கணக்கில் மலிவாகப் போகும் உப்புக்குக் கரையிலேயே ஒரு மதிப்புக் கூடும்.

அவ்வுப்பை வாருவோரின் பாதங்களையும் இங்கே எண்ணாமல் இருத்தல் முறையன்று. நமக்கு ஐந்து நிமிடம் குதிகாலை மென்மையாக்கும் அதே உப்பு, பாத்தியில் நாள்தோறும் பல மணி நேரம் நிற்போரின் கால்களைத் தடிக்கவும் வெடிக்கவும் செய்கிறது. அவர்களுக்கு வேண்டியது உப்புச் சவர்க்காரமன்று; நீர்புகாக் காலணியும், வேலை முடிந்தபின் கால் கழுவ நன்னீரும், வெடிப்பில் தடவச் சிறிது எண்ணெயும், உழைப்புக்கு ஏற்ற கூலியுமே. காரத்தையும் உப்பையும் கிராம் கணக்கில் நிறுக்கக் கற்றவர்கள், அவ்வுழைப்பையும் சரியாக நிறுக்கக் கடமைப்பட்டவர்கள்.