சின்கோனா: எழுத்தொன்று விடுபட்ட பெயர்

குளிர்ஜுரத்துக்குக் கைகண்ட ஔஷதமாகிய கொய்னா எந்த மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்படுகிறதோ, அந்த மரத்துக்குச் சின்கோனா என்று நாமகரணம் செய்தவர் ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரியான லின்னேயஸ். 1742-இல் இப்பெயரை அவர் வெளியிட்டபோது, 1629 முதல் 1639 வரை பெரு நாட்டில் ஸ்பெயின் மன்னரின் பிரதிநிதியாக ஆட்சி செலுத்திய சின்ச்சோன் பிரபுவின் மனைவியைக் கௌரவிக்கவே கருதினார். மாட்ரிட் நகருக்கு அருகேயுள்ள சின்ச்சோன் என்னும் ஊரின் பெயரை ரோமன் லிபியில் எழுதுங்கால், தொடக்கத்திலுள்ள ஸி என்ற எழுத்தை ஒட்டி எச் என்ற எழுத்தும் வரவேண்டும். லின்னேயஸின் ஏட்டில் அது விடுபட்டது. நடுவிலுள்ள எச் மட்டும் நிலைத்துவிடவே, ஸ்பானியரின் நாவில் சின்ச்சோன் என்று ஒலித்தது நமக்குச் சின்கோனா ஆயிற்று.

அந்தச் சீமாட்டியின் விருத்தாந்தத்தைப் பரப்பியது, ஜெனோவா நகரத்து வைத்தியர் செபஸ்தியானோ பாதோ 1663-இல் வெளியிட்ட நூல். லிமா நகரில் முறைக்காய்ச்சலால் அவள் மெலிந்து கிடந்ததாகவும், லோஹா என்னும் மலைப்பிரதேசத்து அதிகாரி அனுப்பிய பட்டையால் பிழைத்தெழுந்ததாகவும், அந்தப் பட்டைத்தூளை நகரத்து நோயாளிகளுக்கு அவளே வாரி வழங்கியதாகவும் அதில் கண்டிருக்கிறது. ஆனால் 1941-இல் ஹாகிஸ் என்ற ஆராய்ச்சியாளர், பிரபுவின் அரண்மனை நிகழ்ச்சிகளை அன்றாடம் குறித்துவைத்த நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டு ஆராய்ந்தபோது, இக்கதையின் அஸ்திவாரமே ஆட்டங்கண்டது. பிரபுவின் முதல் மனைவி ஆனா தே ஒசோரியோ, அவர் பெருவுக்குப் புறப்படுவதற்கு முன்பே ஸ்பெயினில் காலமாகிவிட்டாள். இரண்டாம் மனைவி பிரான்சிஸ்கா உடன் சென்றாள்; நாட்குறிப்பில் பன்முறை ஜுரத்தால் வருந்தியவராகக் காணப்படுபவர் பிரபுவேயன்றி அவளல்லள்; அவருக்கும் பட்டை கொடுத்ததாக ஒரு வரியும் இல்லை.

விடுபட்ட எழுத்துக்காக மிகவும் வருந்தியவர் கிளமெண்ட்ஸ் மார்க்கம் என்னும் ஆங்கிலேயர். அவரும் அவருடைய சகாக்களும் 1860-ஐ ஒட்டித் தென்னமெரிக்காவில் அரும்பாடுபட்டுச் சேகரித்த விதைகளும் நாற்றுகளுமே நீலகிரியில், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும், தோட்டங்களாக வளர்ந்தன. உதகைத் தோட்டத்தின் மேற்பார்வையாளர் மெக்ஐவர் அங்கே கையாண்ட முறையொன்று குறிப்பிடத்தக்கது: மரத்தை வெட்டி வீழ்த்தாமல், அடிமரத்துப் பட்டையை நெடுக வார் வாராக உரித்துக்கொண்டு, உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டிவிடுவார்கள், அதனடியில் வளரும் புதுப்பட்டையில் மருந்துச்சத்து முன்னினும் மிகுந்திருக்கும்.

1874-இல் மார்க்கம், ஆனா தே ஒசோரியோவின் சரித்திரத்தை ஒரு நூலாகவே எழுதி, அவள் பெயரைச் சரியான எழுத்துக்களோடு மரத்துக்குத் திருப்பித் தரவேண்டுமென்று மன்றாடினார். பெரு நாட்டு மண்ணையே மிதியாத பெண்மணிக்காக அத்தனை சிரத்தையும் செலவாயிற்றே என்று எண்ணும்போது மனம் இரங்குகிறது. தாவர சாஸ்திரிகள் அவருடைய கோரிக்கைக்கு இணங்கவில்லை. அவர்கள் செய்ததே நியாயமென்பது என் அபிப்பிராயம். சாஸ்திரப் பெயர் ஒரு முத்திரை; அதை அடிக்கடி மாற்றினால் மருந்துக்கடைக்காரருக்கும் வைத்தியருக்கும் எந்தப் பட்டை எதுவென்ற நிச்சயம் இராது. கொய்னா அளவு மிஞ்சிக் காதிரைச்சலும் தலைவலியும் பார்வை மங்கலும் உண்டாகும் நிலைக்கு வைத்தியர்கள் சின்கோனிசம் என்று பெயரிட்டிருக்கிறார்கள். அதிலும் அந்த முதல் எச் இல்லை.

1820-இல் பாரிஸில் பெல்லத்தியே, காவந்து என்னும் இருவரும் பட்டையிலிருந்து பிரித்தெடுத்த சத்துக்கு வழங்கும் கொய்னா என்ற பெயரும், கினா-கினா என்னும் தென்னமெரிக்கப் பூர்வகுடிச் சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல்லும் ஆதியில் பெரு பால்சம் என்ற வேறொரு மரத்துக்கு உரியது. வியாபாரத்தில் இரண்டு பட்டைகளும் கலந்தபோது பெயரும் இடம் மாறிற்று.

எனக்கு எழுத்துப்பிழையைவிடப் பெரிய குறையாகத் தோன்றுவது வேறு. கொய்னாச்சத்து மிகுந்த உயர்ந்த ஜாதி மரத்தின் விதைகளைப் பொலிவியாவின் காடுகளில் தேடித் திரட்டியவர் மானுவேல் இங்க்ரா மமானி என்ற பூர்வகுடித் தொழிலாளி. அவ்விதைகளை 1865-இல் டச்சுக்காரர் வாங்கி ஜாவாவில் விதைத்து, உலகத்துக் கொய்னா வியாபாரத்தையே கைப்பற்றினர். மமானியோ, விதை கடத்திய குற்றத்துக்காகச் சிறையில் அடிபட்டு, விடுதலையான சில நாட்களில் மாண்டார். அந்த மரத்துக்கு லெட்ஜரியானா என்று பெயர். விதைகளை விற்ற வர்த்தகர் சார்லஸ் லெட்ஜரின் ஞாபகார்த்தமாக வைத்தது.