தலைமை பழகுவோம் – 9: மதிப்பீட்டாளரின் மூன்று நிமிடம்

டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி அமைப்பைத் தோற்றுவித்த ரால்ஃப் ஸ்மெட்லி ஆரம்பத்தில் தொடங்கிய பேச்சு கிளப்கள், அவர் ஊர் மாறியதும் வாடிப்போயின. 1905-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், புளூமிங்டன் ஒய்.எம்.சி.ஏ.வில் கல்விப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தார் அவர். அங்கே வந்து போன இளைஞர்களில் பலருக்கு நாலு பேர் முன்னால் நின்று பேச வரவில்லை. ஒரு கமிட்டிக் கூட்டத்தை ஒழுங்காக நடத்தி முடிக்கவும் தெரியவில்லை. ஆளுக்கு ஒரு நாள் பேசுவது, ஆளுக்கு ஒரு நாள் தலைமை தாங்குவது, பேசியதைப் பற்றி மற்றவர்கள் கருத்துச் சொல்வது என்று ஓர் ஏற்பாட்டைச் செய்தார். இளைஞர்கள் விரும்பி வந்தார்கள். ஆனால், வேலை மாறி அவர் வேறு ஊருக்குப் போனதும் கிளப் படுத்துவிட்டது.

கடைசியில் வேர் பிடித்த இடம் கலிஃபோர்னியாவின் சான்டா ஆனா. 1924 அக்டோபர் 22 அன்று அங்குள்ள ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் அடித்தளத்தில் கூடிய சிறு குழுதான், இன்று 140-க்கும் மேற்பட்ட நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்களோடு இயங்கும் டோஸ்ட்மாஸ்டர்ஸ். இந்த முறை ஸ்மெட்லியை நம்பிக் கிளப் நிற்கவில்லை. 1965-ல் அவர் மறைந்தார். கூட்டங்கள் தொடர்ந்து நடந்தன.

ஸ்மெட்லி முயன்றுகொண்டிருந்த அதே காலத்தில், பேச்சுக்கலை கற்பித்த டேல் கார்னகியும் ஓர் ஒய்.எம்.சி.ஏ.வில்தான் தொடங்கினார். 1912-ல் நியூயார்க்கில் அவர் நடத்திய மாலை வகுப்பில் ஆசிரியர் இருந்தார், பாடம் இருந்தது, கட்டணம் இருந்தது. ஸ்மெட்லியின் அறையில் ஆசிரியரே கிடையாது. வந்தவர்கள் எல்லாரும் மாணவர்கள். முறை வரும்போது அவர்களே ஆசிரியர்கள். தலைமைப் பண்பு வளர்வதற்கான விதை இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

ஒரு கூட்டத்தைப் பார்ப்போம். தயாரித்து வந்த பேச்சுக்குப் பெரும்பாலும் 5 முதல் 7 நிமிடம். டைமர் ஐந்தாம் நிமிடத்தில் பச்சை, ஆறாம் நிமிடத்தில் மஞ்சள், ஏழாம் நிமிடத்தில் சிவப்பு காட்டுவார். பேசுபவர் கம்பெனி மேலாளராக இருந்தாலும், நேற்று சேர்ந்த கல்லூரி மாணவராக இருந்தாலும் சிவப்பு சிவப்புதான். இன்னொருவர் ‘ஆ’, ‘ம்ம்’, ‘வந்து...’ எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருப்பார். டேபிள் டாபிக்ஸ் என்ற பகுதியில், முன்கூட்டித் தெரியாத தலைப்பில் எழுந்து நின்று ஒன்றிரண்டு நிமிடம் பேச வேண்டும். இந்தப் பொறுப்புகள் ஒவ்வொரு கூட்டத்திலும் கை மாறும்.

இவற்றில் மிகக் கடினமானது, ஒருவர் பேசியதைக் கேட்டுக் கருத்துச் சொல்லும் மதிப்பீட்டாளர் வேலை. கிடைப்பது இரண்டு முதல் மூன்று நிமிடம். புதிதாகச் சேர்ந்த ஒருவர், தன் தாத்தா நடத்திய மளிகைக் கடையைப் பற்றிக் கையில் தாளோடு பேசி முடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘அருமையான பேச்சு, வாழ்த்துகள்’ என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம். அவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ‘தாளைப் பார்த்துப் படித்தீர்கள், கண் பார்த்துப் பேசவில்லை’ என்று போட்டு உடைக்கலாம். அடுத்த வாரம் அவர் வரமாட்டார். நல்ல மதிப்பீட்டாளர் இப்படிச் சொல்வார்: “கடைசி நாள் தாத்தா கடையைப் பூட்டியதைச் சொன்னீர்களே, அப்போது எல்லாரும் அசையாமல் கேட்டார்கள். சரியாக அந்த இடத்தில்தான் நீங்கள் தாளைப் பார்த்தீர்கள். அடுத்த முறை அந்த நாலு வரியை மட்டும் தாள் இல்லாமல் சொல்லிப் பாருங்கள்.”

இதைச் சொல்ல வேண்டுமானால், பேச்சு முழுவதையும் கவனம் சிதறாமல் கேட்டிருக்க வேண்டும். பத்துக் குறைகள் கண்ணில் பட்டாலும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும். சபை நடுவே சொன்னாலும் அவர் மனம் நோகக் கூடாது. அலுவலகத்தில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவருக்குத் தினமும் தேவைப்படும் திறமை இதுதான். அதைப் பழக ஓர் இடம் அலுவலகத்தில் கிடைப்பது அபூர்வம்.

தமிழ்நாட்டில் மேடைப் பேச்சுக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. பள்ளிப் பேச்சுப் போட்டியில் தொடங்கிப் பட்டிமன்றம் வரை எத்தனையோ மேடைகள். ஆனால், போட்டியில் முதல் பரிசு யாருக்கு என்று அறிவிப்பார்கள். பரிசு கிடைக்காத பிள்ளையைத் தனியே அழைத்து, எங்கே சறுக்கியது என்று சொல்ல அநேகமாக யாரும் இருப்பதில்லை. சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் தமிழிலேயே கூட்டம் நடத்தும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்களைத் தமிழர்கள் வைத்திருப்பது இந்தக் குறைக்கு ஒரு நல்ல மருந்து.

வெளியே பேசப்படுவது என்னவோ டோஸ்ட்மாஸ்டர்ஸ் நடத்தும் உலகப் பேச்சு சாம்பியன் போட்டிதான். 2014-ல் இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாராச்சி வென்றார். மறு ஆண்டு சவூதி அரேபியாவின் முகமது கஹ்தானி. திக்குவாயோடு போராடி வளர்ந்த பாதுகாப்புப் பொறியாளர் அவர். இறுதிச் சுற்று மேடையில் வாயில் சிகரெட்டை வைத்துப் பற்றவைக்கப் போகிறவர்போல நின்றார், சபை திகைத்தது. பிறகு புகைப்பதற்கு ஆதரவாகப் புள்ளிவிவரங்களை அடுக்கினார். கேட்டவர்கள் நம்பத் தொடங்கிய நேரத்தில், அத்தனையும் தான் இட்டுக்கட்டியவை என்று போட்டு உடைத்தார். சொல்லுக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்பதே அவர் பேச்சின் பொருள்.

இருந்தாலும், பெரும்பாலான உறுப்பினர்கள் அந்த மேடையின் பக்கம்கூடப் போகப் போவதில்லை. அவர்களுக்கு வாய்ப்பு கிளப் நிர்வாகத்தில் இருக்கிறது. தலைவர், மூன்று துணைத் தலைவர்கள், செயலாளர், பொருளாளர், அரங்க ஒழுங்கைப் பார்த்துக்கொள்பவர் என ஏழு பொறுப்புகள். வழக்கமாக ஜூலை 1-ல் பொறுப்பேற்பார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. ‘வரவில்லை’ என்று கடைசி நேரத்தில் கைவிரிக்கும் பேச்சாளருக்கு மெமோ கொடுக்க முடியாது, இன்க்ரிமென்ட்டை நிறுத்த முடியாது. கேட்டு, பேசி, நம்பிக்கை சம்பாதித்துத்தான் கூட்டத்தை நடத்த வேண்டும். அதிகாரம் இல்லாமல் பத்துப் பேரைச் சேர்த்து வேலை செய்யவைத்தவருக்கு, அதிகாரம் கிடைக்கும்போது அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தலைமைப் பொறுப்பைப் பற்றிப் பேசும்போது ஹெலன் பிளான்சர்டின் கதையைச் சொல்லாமல் விடக் கூடாது. அவர் சேர விரும்பிய 1970-ல் இந்தக் கிளப்களில் பெண்களுக்கு இடமில்லை. உள்ளூர் கிளப்பில் இருந்தவர்கள் அவர் பெயரை ‘ஹோமர்’ என்று ஆண் பெயராக எழுதித் தலைமையகத்துக்கு அனுப்பிச் சேர்த்துக்கொண்டார்கள். 1973-ல்தான் விதி மாறி, பெண்களுக்குக் கதவு திறந்தது. 1985-ல் அந்தச் சர்வதேச அமைப்பின் முதல் பெண் தலைவராகப் பொறுப்பேற்றவர் அதே பிளான்சர்ட். ஒரு சிறிய கிளப்பின் துணிச்சல் இல்லையென்றால் அவர் வாசற்படியிலேயே நின்றிருப்பார்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு கிளப் இருந்தால், விருந்தினராக ஒருமுறை போய் உட்காருங்கள். மதிப்பீட்டாளர் எழும்போது காதைத் தீட்டிக் கேளுங்கள். டேபிள் டாபிக்ஸில் உங்களையும் பேச அழைக்கிறார்களா, தயங்காமல் எழுந்து போங்கள்.

(தொடரும்)