முட்டிக்குக் கீழே ஒரு முணுமுணுப்பு!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்த கையோடு வாலிபால் நெட்டுக்கு ஓடுகிற இளைஞர்களிடம் "முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். யாராவது ஒருவர் முட்டிச் சிப்பிக்குச் சரியாகக் கீழே விரலை வைப்பார். "இங்கதான் ஸார்... ஆட ஆரம்பிக்கறப்ப வலிக்கும், உடம்பு சூடானதும் போயிடும். மறுநாள் ஸ்டேஷன் படி இறங்கறப்ப உயிர் போகும்!"

அந்த ஒற்றை விரலே பாதி வைத்தியம் சொல்லிவிடும். 'ஜம்ப்பர்ஸ் நீ' என்று 1973-ல் அமெரிக்க டாக்டர் பிளாஸினா பெயர் வைத்த சமாசாரம் இது. சிப்பியையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கிற தசைநாண் குதித்துக் குதித்து நொந்துபோகிறது. 2005-ல் வெளியான நார்வே ஆய்வில், முன்னணி வாலிபால் வீரர்களில் 45 சதவிகிதம் பேருக்கு இந்த வலி!

ஆறு நாள் மெஷின் முன் நின்றுவிட்டு, ஞாயிறு முழுக்க டோர்னமெண்ட் ஆடினால்? பணமே போடாத அக்கவுண்டில் செக் கிழிக்கிற கதைதான். (பி.காம். படித்தவனுக்கு வேறென்ன உவமை வரும்!)

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலை என்று காத்திருப்பவருக்கு இது வெறும் முட்டி வலி இல்லை, பிழைப்பு. அதனால்தான் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு ஆடித் தீர்க்கிறார்கள். அல்லது பயந்து ஒரு மாசம் கட்டிலில் படுத்துவிடுகிறார்கள். படுத்தால் வலி போகும். நாணுக்குப் பலம் வராது. திரும்பி வந்து குதித்தால் பழைய குருடி, கதவைத் திறடி!

2008-ல் நுங்கம்பாக்கத்தில் ஃபைனல் ஆடினாரே நடால், அவருக்கும் முட்டித் தசைநாண் தகராறுதான். 2012-ல் லண்டன் ஒலிம்பிக்ஸே போச்சு. ஏழு மாதம் ஆட்டமில்லை. 2013-ல் வந்து பிரெஞ்ச் ஓபன், யு.எஸ். ஓபன் இரண்டையும் தட்டிச் சென்றார்.

நாம் செய்யக்கூடியது? குதிப்பதைக் குறைத்துவிட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் 45 விநாடி உட்காருங்கள். இரண்டு நிமிஷம் ஓய்வு. இப்படி ஐந்து தடவை. (ஹோம்வொர்க் எழுதாததற்கு வாத்தியார் கொடுத்த அதே தண்டனை!) வலி அடங்கியதும், ஒருநாள் விட்டு ஒருநாள் மெதுவாக உட்கார்ந்து எழுங்கள், எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் அதிகமானால் அளவு ஜாஸ்தி. பிஸியோதெரபிஸ்ட் ஒருவர் கூட இருந்தால் உத்தமம்.

"ஒரு ஊசி போட்டா ஞாயித்துக்கெழம ஆடிடலாம்" என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். தசைநாணில் ஸ்டீராய்டு ஏறினால் வலி மறையும்; நாண் அறுந்துபோகிற அபாயமும் உண்டு. முட்டி வீங்கினாலோ, மடக்கி நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ அது வேறு கேஸ். சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே அரசு பொது மருத்துவமனை, எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பயிற்சி பலன் தர மூன்று மாதமாவது ஆகும். கேப்டனிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.