அகப்பை காத்த கலை

அப்பத்துக்குக் கரைத்து வைத்த மா இரவிற் பொங்கியெழுவதைக் காணாத இல்லம் நம்மிடையே அரிது. அதனைப் பொங்கச் செய்யும் மதுவம் என்னும் நுண்ணுயிரே மேலைநாடுகளிற் பியர் என்னும் பானத்தையும் ஆக்குகின்றது. முற்காலத்தில் இங்கிலாந்தின் இல்லத்தரசியர் ரொட்டி சுடுவதைப் போலவே பியரையும் வீட்டில் ஆக்கினர். பின்னர் அவ்வறிவு வீடுகளை விட்டு மறையலாயிற்று. அது மீண்ட வரலாறு அறியத்தக்கது.

முதலில் ஆக்கும் முறையைக் காண்போம். பார்லியை நனைத்து முளைக்கவிட்டு உலர்த்துவர். அதனை நொறுக்கி, ஏறத்தாழ 65 பாகை சதம வெப்பமுள்ள நீரில் ஒரு மணிநேரம் ஊறவிட, அதன் மாப்பொருள் சீனியாக மாறும். வடித்த இனிய நீரை ஹொப்ஸ் என்னும் கொடியின் பூக்களோடு கொதிக்க வைப்பர். கசப்பையும் மணத்தையும் தரும் அப்பூக்கள், பானம் விரைவிற் கெடாமலும் காக்கும். ஆறியபின் இடப்படும் மதுவம் சீனியை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் மாற்றும். இதுவே நொதித்தல்.

இதற்குரிய கருவிகள் எளியவை: பெரிய பானை, மூடியுள்ள கலம், வாயு வெளியேறவும் வெளிக்காற்று உட்புகாதிருக்கவும் அமைந்த நீர்க்குழாய், வெப்பமானி, நீரமானி, போத்தல்கள். சீனி குறையக் குறையத் திரவத்தின் அடர்த்தி குறைவதால் நீரமானி ஆழ அமிழும். சில நாட்கள் அதன் அளவு மாறாது நின்றால் நொதித்தல் முடிந்ததெனக் கொள்வர். அதற்குமுன் போத்தலில் அடைத்தால், பெருகும் வாயு போத்தலையே வெடிக்கச் செய்யும். கலங்களின் தூய்மையும் இன்றியமையாதது. வேண்டாத நுண்ணுயிர்கள் புகுவதாலேயே பியர் கெடுகின்றது என்பதை லூயி பாஸ்டர் 1876ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் விளக்கினார்.

இனி, சட்டத்தின் கதை. இங்கிலாந்தில் 1880ஆம் ஆண்டில் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டம், வீட்டில் ஆக்குவோரும் உரிமம் பெறவேண்டும் என விதித்தது. அவ்விதி 1963 வரை நீடித்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நிலவியது. அது நீங்கியபின்னரும் வீட்டிற் பியர் ஆக்குவது சட்டத்துக்குப் புறம்பாகவே இருந்தது. பெருங்கம்பனிகள் சிறு ஆலைகளை விழுங்கின. பானத்தின் வகைகளும் சுருங்கின.

ஆயினும், சிலர் தத்தம் அடுக்களைகளில் இக்கலையைப் பேணினர். ஸ்கொத்லாந்திற் கடற்படைப் பணியாற்றியபோது அந்நாட்டுப் பியரைச் சுவைத்த ஜாக் மக்கோலிஃப், 1976இற் கலிபோர்னியாவில் ஒரு சிற்றாலையை நிறுவினார். அது 1982இல் மூடப்பட்டது. எனினும் பலருக்கு வழிகாட்டியது. 1978 ஒக்டோபர் 14ஆம் நாள் சனாதிபதி ஜிம்மி காட்டர் ஒப்பமிட்ட சட்டம், வளர்ந்தவர் ஒருவருள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கலனும், இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோருள்ள வீட்டில் 200 கலனும் வரியின்றி ஆக்க இடமளித்தது. விற்பனைக்கு இடமில்லை. வீட்டிற் பழகியோர் பலர் பின்னர் சிற்றாலைகளைத் தொடங்க, மறைந்த பியர் வகைகள் பல மீண்டன.

இத்துறையில் பழம்பொருள் சேர்ப்போரும் உளர். 1892இல் வில்லியம் பெயின்டர் உரிமம் பெற்ற நெளிவிளிம்பு மூடிகள், 1935இல் முதன்முதல் விற்பனைக்கு வந்த பியர்த் தகரங்கள், சுட்டுத்துண்டுகள் முதலியவற்றை அவர்கள் தேடிச் சேர்க்கின்றனர். மூடப்பட்ட ஆலைகள் பலவற்றின் பெயர் இன்று அவற்றில் மட்டுமே எஞ்சியுள்ளது.

மதுப்பழக்கம் குடும்பங்களைக் குலைப்பதை நாம் அறிவோம். உரிமமின்றி மது ஆக்குவது இலங்கையின் மதுவரிச் சட்டப்படி குற்றமுமாகும். ஆகவே, இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது பானமன்று. ஓர் அறிவு எவ்வாறு பிழைத்தது என்னும் பாடமே. கொலராடோவின் போல்டர் நகரிற் பள்ளி ஆசிரியராயிருந்த சார்லி பப்பாசியன் என்பார், அயலவரை அழைத்து இக்கலையைக் கற்பித்தார். அவர் பியரைக் கிளறிய மர அகப்பை இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இடம்பெற்றுள்ளது. பெரிய ஆலையின் இயந்திரங்களுக்குக் கிடைக்கும் மதிப்பு ஓர் அகப்பைக்கும் கிடைத்தமைக்குக் காரணம், அதனைப் பிடித்தவர் தாம் அறிந்ததைப் பிறருக்கும் கற்பித்தமையே.